விளக்கு எரிந்தால் ரோடு சுத்தம்

அந்தப் பொட்டலத்தைக் கொஞ்சம் சுவர்ப் பக்கமாகத் தள்ளி வையுங்கள் ஐயா. டீ தளும்புகிறது, பேப்பரில் பட்டால் ஊறிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதாக இருந்தால் நீங்களே சொல்வீர்கள். மேஜை ஒழுங்காக இல்லாவிட்டால் எனக்குப் பேச்சு வராது, அவ்வளவுதான்.

தொழில் அப்படி. ரோடு கூட்டுகிற வண்டி ஓட்டுகிறேன். முன்னால் இரண்டு உருண்டைத் துடைப்பம், அடியில் உறிஞ்சுகிற குழாய், கூரைமேல் சுற்றிச் சுற்றி எரிகிற மஞ்சள் விளக்கு. நாங்கள் அள்ளுவது குப்பை என்று ஊரில் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் கல்தான். பனிக்காலம் முழுக்க வண்டிகள் வழுக்காமல் இருக்க நாங்களே பொடிக்கல்லை ரோட்டில் தூவுகிறோம், பனி உருகியதும் நாங்களே அதைக் கூட்டி எடுக்கிறோம். என் பெண்டாட்டி இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "நீங்களே கொட்டி நீங்களே அள்றீங்க, இதுக்கு ஒரு சம்பளம், ஒரு சட்டை வேற" என்பாள். அவள் போன பிறகு எனக்கென்று இருந்தது சலூன் கடைதான்.

அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். ஒன்றும் கிடையாது. அவளோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. எழுதுகிற அம்மா அதை முதலில் எழுதிக்கொள்ளட்டும்.

சலூனில் நாங்கள் நாலு பேர். சலூன்காரர், பஸ் டிரைவர் அண்ணன், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்ஸம்மா, நான். என்னை அங்கே தொடப்பம் என்பார்கள். கிண்டல்தான், தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. கண்ணாடிக்கு மேலே டிவி. பனிச்சறுக்கு ஓட்டப் பந்தயம் எந்த நாட்டில் நடந்தாலும் நாங்கள் நாலு பேரும் அதற்குக் கீழே இருப்போம். எங்களில் யாருக்கும் அந்தப் பலகையில் ஏறி நிற்கக்கூடத் தெரியாது. டிரைவர் அண்ணன் ஒரே ஒரு தடவை ஏறினார், இறங்குகிறவரைக்கும் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் பேச ஆரம்பித்தால் பந்தயத்தில் ஓடுகிறவனுக்குக்கூட அவ்வளவு தெரியாது என்று தோன்றும்.

ஒரு சட்டம் உண்டு. பந்தய நாளில் நம் நாட்டு நிறத்தில் கம்பளித் தொப்பி போடாதவருக்கு உட்கார இடம் கிடையாது. முடி வெட்ட வந்த ஒருத்தர், "தொப்பியப் போட்டுக்கிட்டா எப்படிங்க வெட்டுவீங்க?" என்று கேட்டார். "பந்தயம் முடியட்டும், அப்புறம் வெட்டறேன். முடி எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார் சலூன்காரர். வந்த முடிவுகளைக் கண்ணாடியின் ஓரத்தில் சோப்பு நுரையைத் தொட்டு எழுதுவார். நம் நாடு இடது பக்கம், மற்றவர்கள் வலது பக்கம்.

இடது பக்கம் வெகு நாள் காலியாகத்தான் இருந்தது. பிறகு சிட்டு வந்தாள். பேர் நாங்கள் வைத்தது. மலைமேல் ஆட்களை ஏற்றுகிற கம்பி லிஃப்ட்டைப் பழுது பார்க்கிறவருடைய மகள். ஒல்லி. ஏற்றத்தில் எல்லோரும் நாக்குத் தள்ளிப் போகும்போது இவள் மட்டும் கடைக்குப் போகிறவள் மாதிரி போவாள். அவள் சின்னப் பிள்ளைகள் பந்தயத்தில் ஜெயித்த நாளிலிருந்து எங்கள் நாலு பேருக்கும் சோறு தண்ணீர் அவள்தான். அவள் தோற்றால் சலூன்காரர் அன்றைக்கு ஒருத்தருடைய காதையாவது கீறிவிடுவார்.

கோடையில் பனி இருக்காது. அதனால் இவர்கள் சக்கரம் வைத்த நீளப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு, கையில் இரண்டு கோலோடு தார் ரோட்டில் பழகுவார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஒன்று தெரிந்திருக்காது: அந்தப் பலகைக்குப் பிரேக் கிடையாது. இறக்கத்தில் விட்டால் விட்டதுதான். சக்கரம் உள்ளங்கை அகலம்கூட இல்லை, அதற்குமுன் ஒரு பொடிக்கல் வந்தால் சக்கரம் நிற்கும், ஆள் நிற்க மாட்டாள்.

லிஃப்ட்காரர் வீட்டிலிருந்து இறங்குகிற ரோட்டில்தான் அவள் பழகுவாள். மேலே நேராக வந்து, ஒரு பாறைக்குப் பின்னால் வளைந்து, கீழே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் முடிகிற ரோடு. பாறையிலிருந்து கல் உதிர்ந்துகொண்டே இருக்கும். நான் காலையில் முதல் வேலையாக அங்கே போய்க் கூட்ட ஆரம்பித்தேன். அது காலையில் கூட்ட வேண்டிய ரோடே இல்லை. கடைத்தெருவை விட்டுவிட்டு ஏன் அங்கே போகிறாய் என்று சூப்பர்வைசர் கேட்டார். கல் விழுகிறது என்றேன். பொய் இல்லையே. கூட்டிவிட்டுக் கீழே தொட்டிப் பக்கம் வண்டியை நிறுத்தி, விளக்கை எரியவிட்டு, அவள் வருகிறவரை நிற்பேன்.

மேலே அவள் தீக்குச்சி அளவுக்குத் தெரிவாள். கொஞ்சம் நிற்பாள். பிறகு குனிந்துகொண்டு விடுவாள். பாறைக்குப் பின்னால் மறைந்து, வளைவு தாண்டி, என் வண்டியை உரசுகிற மாதிரிப் போய்விடுவாள். திரும்பிப் பார்த்ததில்லை. அந்த வேகத்தில் திரும்பினால் விழுந்துவிடுவாள், எனக்குத் தெரியாதா.

ஒரு நாள் டிரைவர் அண்ணன் சலூனுக்கு வந்து சொன்னார். லிஃப்ட்காரர் பஸ்ஸில் வந்திருக்கிறார். "கீழ விளக்கு எரிஞ்சா ரோடு சுத்தம், பயப்படாம விடும்மான்னு பொண்ணுகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். விளக்கு இல்லைன்னா பலகையைக் கழட்டிக் கையில தூக்கிக்கிட்டு நடந்து வந்துடுவா" என்றாராம். அன்றைக்கு மூவரும் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். "நம்ம தொடப்பத்துக்கு வந்த வாழ்வைப் பாருங்க" என்றார் சலூன்காரர். நர்ஸம்மா எனக்கு ஒரு டீ அதிகமாகச் சொன்னார். சந்தோஷமாக இருந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி படத்துக்குமுன் நின்று அதைச் சொன்னேன்.

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும், பேப்பரில் வந்தது. தேர்வுப் பந்தயத்தில் முதலில் வந்தவள் இவள். குழுவில் எடுத்தது வேறொருத்தியை. ஏன் என்று கேட்டதற்குக் குழுவைத் தேர்ந்தெடுக்கிற பெரியவர்கள் ஏதோ அனுபவம் என்றார்கள். இவளுடைய அம்மா பிறந்தது வேறு நாடு. அந்த நாட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள், போனாள். அடுத்த பனிக்காலத்தில் டிவியில் அவள் மேல் வேறு நிறச் சட்டை.

சலூனில் அன்றைக்கு ஆரம்பித்த சண்டை கடைசிவரை ஓயவில்லை.

"பொண்ணைக் கட்டிக் குடுத்தா வேற வீட்டுக்குப் போறா. அதுக்காக நம்ம பொண்ணு இல்லைன்னு ஆயிடுமா?" என்றார் டிரைவர் அண்ணன்.

"கட்டிக் குடுத்தமா? அவளா இல்ல எழுந்து போனா" என்றேன்.

"வீட்டுல சோத்துத் தட்டைப் புடுங்கினா எழுந்துதான் போவாங்க. நீங்க போக மாட்டீங்களா?" இது நர்ஸம்மா. "ஓடறது காலா, கொடியா? சொல்லுங்க."

நான் பொறுமையாக விளக்கினேன். எனக்கு அவள்மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. இது கொள்கை. ஒரு நாட்டு ரோட்டில் பழகிவிட்டு இன்னொரு நாட்டுக்கு ஓடுவது முறையா, இதுதான் கேள்வி. "அட விடுங்க தொடப்பம். அந்த நாட்டுத் தொப்பி ஒண்ணு வாங்கித் தரேன், போட்டுக்கிட்டு ஜோரா உட்காருங்க" என்று நர்ஸம்மா சிரித்தார். "அந்தத் தொப்பி என் தலையில ஏறணும்னா முதல்ல என் தலை கீழ விழணும்" என்றேன். மூவரும் சாட்சி. கேட்டுப் பாருங்கள்.

பெரிய பந்தயம் வந்தது. கடைசி ஏற்றத்தில் ஐந்தாறு பேர் கும்பலாகப் போனார்கள். நம் நாட்டுச் சட்டை போட்ட பெண் மூன்றாவதாக இருந்தாள். பின்னாலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். அந்தக் கடைக்குப் போகிற நடையை நான் தூக்கத்தில்கூட அடையாளம் கண்டுகொள்வேன். எல்லைக் கோட்டில் சிட்டு மூன்றாவது, நம் பெண் நாலாவது. நம் கையிலிருந்த வெண்கலத்தை நம் ஊர்க்காரியே பிடுங்கிக்கொண்டு போனாள்.

நர்ஸம்மா கைதட்டினார். டிரைவர் அண்ணன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். சலூன்காரர் நுரையைத் தொட்டுக்கொண்டு கண்ணாடிக்குமுன் நின்றார். இடது பக்கமா, வலது பக்கமா? யோசித்துவிட்டு நடுவில் எழுதினார். நான் எழுந்து, தோளில் போடுகிற துண்டை எடுத்து, அதைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பிறகு பேட்டி. நம் மொழியில்தான் பேசினாள். பயிற்சியாளருக்கு நன்றி சொன்னாள். இடம் கொடுத்த நாட்டுக்கு, அப்பா அம்மாவுக்கு, தங்கவைத்த குடும்பத்துக்கு. பலகைக்கு மெழுகு தேய்க்கிற ஆளுக்கு நன்றி சொன்னாள். அந்த வீட்டு நாய்க்கு நன்றி சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மெழுகு தேய்ப்பதும் வேலைதான். ஆறிப்போன மெழுகை ஒரு துணியால் தேய்ப்பார்கள்.

கோடையில் பழகுவதற்கு ஊருக்கு வந்தாள். நான் அந்த ரோட்டைக் கூட்டவில்லை. அது குற்றமா? என் அட்டவணையில் அது பிற்பகல் ரோடு. பிற்பகலில் கூட்டினேன். காலையில் தொட்டிக்குப் பின்னால், விளக்கை அணைத்துவிட்டு, வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். அவள் மேலே வந்து நின்றாள். கீழே பார்த்தாள். பலகைகளைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரம் பார்த்தேன், அப்புறமும் பார்த்தேன். நடக்கிறாளே தவிர, எங்கள் ஆபீசுக்கு வந்து அந்த வண்டி என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிரைவர் அண்ணன் சொன்னார்: "லிஃப்ட்காரர் விசாரிச்சாருப்பா. வண்டிக்காரருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டாரு." கேட்டது அப்பன். அவள் இல்லையே. அப்பன் கேட்டால் அது மரியாதைக்குக் கேட்பது.

மழையில் கல் உருண்டு வந்தது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். மழை பெய்யவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். என் வண்டியின் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள், பனிக்காலத்துப் பொடிக்கல் கோடையில் இதற்குள் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. உங்களுக்கும் வேலையில் ஒழுங்கு இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கு மறைக்காமல் சொல்கிறேன்.

வளைவுப் பக்கம் ஒரு மஞ்சள் பெட்டி இருக்கிறது, பனிக்காலத்துக்கான கல்லை அதில் போட்டு வைப்போம். சம்பவம் நடந்த அன்று காலை நான் முதலில் மேலிருந்து வளைவுவரை நன்றாகக் கூட்டினேன். செய்கிற வேலையில் குறை வைத்துப் பழக்கமில்லை. பிறகு பெட்டியைத் திறந்து ஒரு வாளி அள்ளி, வளைவின் உள்பக்கமாகத் தூவினேன். அவள் எந்தத் தடத்தில் வருவாள் என்று எனக்குத் தெரியும், அத்தனை வருஷம் பார்த்தவன். கோலம் போடுகிற மாதிரி சீராக விழவேண்டும், குவியலாக இருந்தால் கண்ணில் பட்டுவிடும். பிறகு கீழே போய், தொட்டிப் பக்கம் பழைய இடத்திலேயே வண்டியை நிறுத்தி, விளக்கைப் போட்டேன்.

பால் வண்டி ஒன்று மேலே ஏற வந்தது. கை காட்டி நிறுத்திவிட்டேன். "கொஞ்சம் பொறுங்க, மேல வேலை நடக்குது" என்றேன். வேறு யாருக்கும் அடிபடக் கூடாது. அந்த ஓட்டுநரை நீங்கள் விசாரித்திருப்பீர்கள், நான் மரியாதையாகத்தான் பேசினேன்.

அவள் வந்து நின்றாள். கீழே பார்த்தாள். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் நின்ற மாதிரி இருந்தது. சுவிட்ச் என் முழங்கைப் பக்கம்தான் இருக்கிறது. தட்டினால் விளக்கு அணைந்துவிடும், அவள் பலகையைக் கழற்றிவிட்டு நடந்து வந்துவிடுவாள், நான் கல்லை அள்ளிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விடலாம். இது எல்லாமே எனக்குத் தோன்றியது. விரல் அதன்மேல்தான் இருந்தது. அப்போது அவள் ஒரு கோலை மேலே தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அதற்குமுன் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. ரோடு கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம், அதைத்தான் காட்டுகிறாள் என்று நினைத்தேன். ரோட்டுக்குக் கை காட்டுகிறாள், எனக்கு என்ன. விரலை எடுத்துக்கொண்டேன்.

குனிந்தாள், விட்டாள், பாறைக்குப் பின்னால் போனாள். நான் பார்க்கவில்லை, சத்தம்தான் வந்தது. கல் சுவர் இருக்கிறது அங்கே. கோல் ஒன்று மட்டும் உருண்டு உருண்டு கீழேவரை வந்தது.

ஆம்புலன்சைக் கூப்பிட்டது நான்தான். என் சட்டையைக் கழற்றி அவள்மேல் போர்த்தினேன். கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தாளா என்று சொல்ல முடியாது. அவளைத் தூக்கிக்கொண்டு போனதும் வளைவைக் கூட்டினேன். தடயத்தை மறைக்க என்கிறீர்கள். அப்படியும் வைத்துக்கொள்ளலாம். ரோட்டில் கல் கிடந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

சாயங்காலம் சலூனில் நர்ஸம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க மட்டும் அங்க இல்லைன்னா உயிரே போயிருக்கும்ணா" என்றார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, இனி நிற்க மாட்டாள் என்று அவர்தான் சொன்னார். சலூன்காரர் டிவியை அணைத்துவிட்டார். நான் எதையும் மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆக, செய்தது நான். யார் சொல்லியும் செய்யவில்லை. நாட்டுக்காகச் செய்தேன். அவள் இருந்த இடத்தில் வேறு யார் இருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன். எழுதிவிட்டீர்களா அம்மா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பொட்டலத்தை எதற்கு ஐயா இப்போது பிரிக்கிறீர்கள்?

தொப்பியா. அன்று காலை அவள் இடுப்புப் பையில் இருந்ததா? விளக்கு எரிகிற நாளில் கீழே நின்று கொடுத்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தாளா? விளக்கைப் பார்த்ததும் கோலை ஆட்டினாளே, அது அதற்கா. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் இதை ரோடு கூட்டுகிற வண்டிக்காரரிடம் சேர்த்துவிடுங்கள் என்று சொன்னாளா.

நிறத்தைப் பாருங்கள். அந்த நாட்டு நிறம். அவளுடைய குழுவுக்கு மட்டும் கொடுப்பார்களே, அது. கடையில் கிடைக்காது. மேலே குஞ்சம்கூட இருக்கிறது. இதை நான் தொடமாட்டேன் என்று அன்றைக்கே சொன்னவன், சலூனில் கேளுங்கள். கொள்கை என்றால் கொள்கைதான்.

நல்ல கம்பளி. இங்கே கொஞ்சம் கொடுங்கள், ஐயா. அந்த ஜன்னல் கண்ணாடியில் முகம் தெரிகிறது, அது போதும். அளவு சரியாக இருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன்.